அப்பாவின் முதுகு ஊசி: அல்சூர் நர்சிங் ஹோம் அனுபவம்

பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. அப்பாவுக்கு 71 வயது, குடலிறக்க ஆபரேஷன். தையல் நன்றாக ஆறிவிட்டது, சர்ஜனைப் பற்றி அவ்வளவுதான். நான் எழுத வந்தது மயக்க மருந்து டாக்டரம்மாவைப் பற்றி.

முந்தின நாள் சாயங்காலமே வார்டுக்கு வந்துவிட்டார். கன்னடக்காரர், தமிழ் சரளமாக வருகிறது. கட்டுப்பல் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா பீடியை விட்டாலும் நெஞ்சில் கரகரப்பு போகவில்லை. அதனால் முழு மயக்கம் வேண்டாம், முதுகு ஊசியே போதும் என்றார். முழு மயக்கமென்றால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புரோபோஃபாலை நரம்பில் ஏற்றித் தூங்க வைத்து, தொண்டையில் குழாய் விட வேண்டியிருக்குமாம்.

அம்மா விடவில்லை. "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் வலிக்குமாமே?"

"போட்ட இடம் ரெண்டு மூணு நாள் வலிக்கும்மா. தண்டுவடம் முடியற இடத்துக்குக் கீழதான் போடுவோம்."

மருந்தின் பெயர் புபிவகெய்ன் ஹெவி. அதென்ன ஹெவி என்றேன். டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்திருப்பதால் முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரைவிடக் கனமாம். தாழ்ந்த பக்கமாக இறங்கும், மேசையைச் சாய்த்தே எதுவரை மரக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். சுகர் பேஷன்டான அப்பா, "சர்க்கரையா!" என்று பதறிவிட்டார். "மருந்தே மொத்தம் மூணு மில்லிதான் பெரியவரே" என்று சிரித்தார் டாக்டர்.

தியேட்டரில் ஸ்பிரிட் பஞ்சைத் தொடையிலிருந்து வயிறு வரை ஒற்றி, "சில்லுனு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனாராம். தொப்புளுக்கு மேலே போன பிறகுதான் அப்பா ஆமாம் என்றிருக்கிறார். அதன் பிறகே கத்தி. வார்டுக்கு வந்ததும் தன் காலையே உற்றுப் பார்த்து, "யாரோ ஒருத்தர் காலைக் கொண்டுவந்து வெச்ச மாதிரி இருக்குடா" என்றார். மூன்று மணி நேரம் கழித்துப் பெருவிரல் அசைந்தது.

இப்போது குறை. ராத்திரி பத்து மணியிலிருந்து பட்டினி, ஆபரேஷனோ மதியம் இரண்டுக்கு. இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். டியூட்டி நர்ஸ் ஒரு வாய்கூடத் தரவில்லை. அப்புறம், எஸ்டிமேட்டில் இல்லாத மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ் 6,000 ரூபாய் பில்லில் முளைத்தது. முன்பே சொல்லியிருந்தால் முனகாமல் கொடுத்திருப்பேன்.

வலது பக்கமும் லேசாக இறங்கியிருக்கிறதாம். அதற்கும் இதே டாக்டரம்மாதான், ஆனால் காலை முதல் கேஸாக வைத்தால் மட்டுமே.