பாஸ் கிட்டாருக்கு வீட்டில் செய்த நெக் ஜிக்: ஒரு மதிப்புரை

கம்பிகளின் அதிரும் நீளம் 34 அங்குலமாக உள்ள பாஸ் கிட்டாரில் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையைத் தருவதால், ஃப்ரெட்டுகளை (விரற்பலகையில் பதித்த உலோகக் கட்டைகளை) ராவுவதற்காகக் கம்பிகளைக் கழற்றிய கணமே நெக்கின், அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தின், வளைவு மாறிவிடுகிறது. கிட்டார் பழுதுபார்ப்பு வல்லுநர் டான் எர்ல்வைன் வடிவமைத்து, இசைக்கருவிப் பழுதுபார்ப்புக் கருவிகளை விற்கும் ஸ்டூமேக் நிறுவனம் விற்கும் ஜிக் (நெக்கை அசையாமல் பிடித்துவைக்கும் சட்டம்), இந்தச் சிக்கலை நேரடியாகத் தீர்க்கிறது. அதே தத்துவத்தில் தடித்த பிளைவுட், இரும்புச் சதுரக் குழாய், திருகுத் தாங்கிகள், 0.01 மி.மீ. அசைவையும் முள்ளால் காட்டும் இரண்டு டயல் கேஜ்கள் ஆகியவற்றைக் கொண்டு நான் செய்துகொண்ட ஜிக் மிகுந்த மனநிறைவைத் தருகிறது.

சுருதி சேர்த்த கிட்டாரை ஜிக்கில் பூட்டி, வாசிக்கும் நிலையில் இருப்பதுபோல் பக்கவாட்டில் சாய்த்து, நெக்கின் முதுகைத் தொடும் கேஜ்களைச் சுழியத்தில் வைக்க வேண்டும். பிறகு கம்பிகளை நீக்கி, முள் மறுபடியும் சுழியத்துக்கு வரும்வரை தாங்கிகளை மெல்லத் திருகினால், இழுவிசை இருந்தபோதிருந்த அதே வடிவத்தில் நெக் நின்றுவிடுகிறது. நுனிவிரலால் நெக்கைத் தொட்டாலே முள் அசைவதைக் காணும்போது இக்கருவியின் அருமை புரிகிறது.

இரும்புக் குழாயை மட்டும் எவரும் தவிர்க்க வேண்டாம். பாஸின் நீளத்துக்கு வெறும் பலகை வளைந்துகொடுக்கும், கேஜின் அளவும் பொய்த்துவிடும். கனத்த தலைப்பகுதிக்குத் தனித் தாங்கி வைப்பதும் அவசியம். ஆண்டுக்கொரு கிட்டாரைத் தொடுபவருக்கு இது தேவையில்லை. அடிக்கடி ஃப்ரெட் வேலை செய்பவர் தயங்காமல் செய்துகொள்ளலாம்.