டாவின்சி ரிசால்வ் சிஎஸ்டி: கசவு சேலையும் அரக்குப் பட்டும் ஒரே டைம்லைன்ல

செங்கோட்டை பக்கம் கல்யாண வீடியோ எடிட் பண்றவங்களுக்கு ஒரு முகூர்த்தம் தென்காசில வரும், அடுத்தது புளியரை தாண்டி கேரளாவுல இருக்கிற புனலூர்ல வரும், இங்க அரக்குப் பட்டு, அங்க கசவு சேலை, ரெண்டு வீட்டுக்காரங்களும் முதல்ல பாக்கிறது சேலை கலரைத்தான். அதுக்கு நான் இப்ப முழுசா நம்புறது டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல இருக்கிற கலர் ஸ்பேஸ் ட்ரான்ஸ்ஃபார்ம், ஒரு கலர் முறைல இருக்கிற படத்தை இன்னொரு முறைக்கு மாத்துற டூல், சிஎஸ்டினு சொல்லுவோம். ஃப்ரீ வெர்ஷன்லயே இருக்கு.

சோனி கேமராவுல எஸ்-லாக்3 வெச்சு (வெளிச்சம், நிழல் விவரத்தைக் காப்பாத்துற மோட்) எடுத்தா படம் வெளிறிப் போய்த்தான் வரும், அதை டிவிக்கான ரெக்.709க்கு கொண்டு வரணும். நிறைய பேர் எங்கயோ டவுன்லோட் பண்ண லட்டை (LUT) முதல் நோட்லயே (node, கலர் வேலைல ஒவ்வொரு கட்டம்) போட்டுட்டு வேலையை ஆரம்பிக்கிறாங்க. லட்ங்கிறது எந்த கலர் எதுவா மாறணும்னு ஏற்கனவே கணக்கு போட்டு வெச்ச டேபிள், அதோட எல்லையைத் தாண்டின வெளிச்சம் அங்கயே வெட்டுப்பட்டுடும், பின்னாடி நோட்ல எவ்வளவு இழுத்தாலும் வராது. சிஎஸ்டி ஃபார்முலா போட்டு மாத்துது, டோன் மேப்பிங்ல டாவின்சின்னு வெச்சா மேல இருக்கிற வெளிச்சத்தை மெதுவா அடக்கிக் கொண்டு வரும். கசவுல இது அப்படியே தெரியுது, வீடியோ லைட் நேரா அடிச்சாலும் அந்த அரை வெள்ளைத் துணியோட நெசவு தெரியும், கரை பொன் நிறமாவே நிக்கும், எலுமிச்சை மஞ்சளா மாறாது.

நான் போடுற வரிசை இதுதான்: முதல் நோட்ல எஸ்-கேமட்3.சினி (சோனியோட கலர் எல்லை, அதாவது கேமட்), எஸ்-லாக்3ல இருந்து ரிசால்வோட சொந்த கலர் முறையான டாவின்சி வைட் கேமட், இன்டர்மீடியட்டுக்கு, கடைசி நோட்ல அங்கிருந்து ரெக்.709 காமா 2.4க்கு, கிரேடிங், அதாவது கலர் சரிபண்ற வேலை எல்லாம் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான். மாமா பையன் ஐபோன்ல ஹெச்எல்ஜிங்கிற ஹெச்டிஆர் முறைல எடுத்த கிளிப் வந்தா முதல் நோட்ல மட்டும் இன்புட்டை ரெக்.2020, ஹெச்எல்ஜின்னு மாத்தினா போதும், மிச்சம் எல்லாம் அப்படியே. இந்த ஒரு விஷயத்துக்காகவே தாராளமா அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

குறைன்னா, இன்புட் ஆரம்பத்துல யூஸ் டைம்லைன்னு இருக்கும், கேமராவுல என்ன செட்டிங்னு நாமதான் பாத்து வைக்கணும். எஸ்-கேமட்3யும் எஸ்-கேமட்3.சினியும் பேர்ல ஒரே மாதிரி இருக்கு, மாறிப்போனா எந்த எச்சரிக்கையும் வராது, முகத்துல கலர் லேசா தப்பிடும், பாத்தா ஏன்னே புரியாது. ரிசப்ஷன் மேடைல நீல எல்இடி இருந்து அந்த நீலம் எல்லை மீறித் தெரிஞ்சா கேமட் மேப்பிங்ல சாச்சுரேஷன் கம்ப்ரெஷன் போடுங்க, ஓரளவு அடங்கும், முழுசா தீராது. விண்டோஸ் ஃப்ரீ வெர்ஷன்ல 10-பிட் 4:2:2 ஹெச்.264 கிளிப் (கலர் விவரம் அதிகமா வெச்சிருக்கிற ஃபார்மட்) திறக்காது, அப்படி ஷூட் பண்றவங்க ரிசால்வோட ஸ்டுடியோ வெர்ஷனை வாங்கித்தான் ஆகணும், ஒரே தடவை காசு குடுத்து வாங்கிக்கலாம்.

கடைசியா வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ற டெலிவர் பேஜ்ல டேட்டா லெவல்ஸை ஆட்டோவுலயே விடுங்க, ஃபுல்னு மாத்திட்டா 16-235 (கருப்புக்கு 16, வெள்ளைக்கு 235) அளவை எதிர்பாக்கிற வீட்டு டிவில கருப்பெல்லாம் அடைச்சுப்போய் மண்டபத்து ஓரத்துல நிக்கிற சொந்தக்காரங்க முகமே தெரியாது.