பாகுக்கு ஒரு வெப்பமானி: பண்டிகைக் கால அடுப்புக்கு வாங்கலாமா?

தீபாவளிக்கும் நத்தாருக்கும் வீட்டில் பால் டொபி, கச்சான் அல்வா, எள்ளுருண்டை செய்பவர்களுக்கு ஒன்று தெரியும். சாமான் எல்லாம் சரியாக இருந்தும் இனிப்பு பிழைத்துப்போவது பெரும்பாலும் பாகை முந்தி இறக்கியதால் அல்லது பிந்தி இறக்கியதால்தான். இந்தப் பதத்தை அளப்பதற்கு, குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானிகள் கொழும்பில் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. வெள்ளைச் சீனியில் செய்யும் இனிப்புகளுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி வேலைகளுக்குப் பாதித் துணைதான். தொதலுக்குத் தேவையே இல்லை.

இங்கே பேசுவது பிளாஸ்திக் கைப்பிடியும் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளமான எஃகுக் கம்பியும் உள்ள வகை. பெரும்பாலானவை 300 டிகிரி செல்சியஸ் வரை அளக்கும், எல்ஆர்44 என்ற பொத்தான் பற்றரியில் ஓடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுச் சாமான் கடைகளிலும் கேக் சாமான் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். வாங்குமுன் உறையில் உச்ச அளவைப் பாருங்கள். குறைந்தது 200 டிகிரி இருக்க வேண்டும். கடையிலேயே முடுக்கி, கம்பியின் நுனியை விரல்களுக்குள் பிடித்தால் இலக்கம் முப்பதைத் தாண்டி ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் வேறொன்று கேளுங்கள்.

மற்ற வகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் அவற்றையும் எடுத்து நீட்டுவார். இறைச்சிக்கான வட்ட முக வெப்பமானிகளில் பல 120 டிகிரியோடு நின்றுவிடும். அவற்றின் உணரி கம்பியில் சில சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பரந்திருப்பதால் ஆழம் குறைந்த பாகில் பிழையாகக் காட்டும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். ஆவிக்கும் நுரைக்கும் நடுவே அது சொல்வதை நம்பிப் பாகை இறக்க முடியாது. விளிம்பில் கொழுவும் கண்ணாடிக்குழாய் வகை நல்ல சாமான்தான். ஆனால் அதன் குமிழ் முழுதாக அமிழ வேண்டும், கிண்டும்போது அகப்பைக்கு இடைஞ்சலாகவும் நிற்கும். ஒரு டின் பாலில் டொபி செய்யும் வீட்டுக்கு டிஜிட்டல் கம்பியே வசதி, உணரி நுனியில் இருப்பதால்.

வெப்பத்துக்கும் பதத்துக்கும் என்ன தொடர்பு என்றால், சீனிப்பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வெளியேறுகிறது. தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறுகிறது. ஆகவே வெப்பமானி காட்டும் இலக்கம் பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதன் கணக்கு. 106 முதல் 112 வரை கம்பிப் பதம். 113 முதல் 116 வரை, குளிர்ந்த நீரில் விட்டால் மெதுவான உருண்டை. 118 முதல் 121 வரை, கையில் எடுத்தால் வடிவம் குலையாத உருண்டை. 150 அளவில் நீரில் விழுந்ததும் கண்ணாடிபோல் உடையும். 160 தாண்டினால் நிறம் கறுத்துக் கசப்பு ஏறத் தொடங்கும். 130 வரை இலக்கம் மெல்ல நகரும், அதற்கு மேல் ஓடும். பலர் ஏமாறும் இடம் அதுதான். 140 வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். கனமான தாச்சியானால் வேண்டிய அளவுக்கு 2 டிகிரி முன்பே அடுப்பை அணையுங்கள், தாச்சியில் உள்ள சூடு மிச்சத்தை ஏற்றிவிடும்.

பால் டொபியில்தான் இந்தக் கருவி கொடுத்த விலைக்கு ஏற்ற வேலை செய்கிறது. சுமார் 400 கிராம் டின்பால் ஒன்று, சீனி 450 கிராம், தண்ணீர் 120 மில்லிலீற்றர், பட்டர் 50 கிராம், சிறிதாக நறுக்கிய கஜு 100 கிராம், வனிலா ஒரு தேக்கரண்டி. முதலில் சீனியையும் தண்ணீரையும் மட்டும் மெல்லிய தீயில் வையுங்கள். ஒரு மணிகூட மிச்சமில்லாமல் கரைந்த பிறகே கொதிக்க விட வேண்டும். தாச்சியின் ஓரத்தில் ஒட்டிய சீனியை ஈரத் தூரிகையால் கீழே இறக்குங்கள். ஒட்டிய மணி ஒன்று கடைசியில் உள்ளே விழுந்தாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு பருமணலாகப் பூத்துவிடும். பிறகு டின்பாலைச் சேர்த்து, மரக் கரண்டியால் அடியைச் சுரண்டியபடியே கிண்டுங்கள். பால் அடியில் பிடித்தால் பழுப்புத் துணுக்குகள் எழும்பும், அதை எதனாலும் மறைக்க முடியாது.

110 வந்ததும் பட்டர், 114 வந்ததும் கஜு. 117 அல்லது 118 காட்டும்போது அடுப்பை அணைத்து வனிலாவைச் சேர்த்து, ஒன்றிரண்டு நிமிடம் விடாமல் அடித்துக் கிண்டுங்கள். மேலே இருந்த பளபளப்பு மங்கிக் கரண்டி சற்றுக் கனக்கும். நம் பால் டொபிக்கு உரிய அந்த மெல்லிய பொருபொருப்பு, சீனி நுண்மணிகளாக உறைவதால் வருவது. அதை உண்டாக்குவது கடைசி நேர அடிதான். பட்டர் பூசிய தட்டில் கொட்டி, ஒயில் பேப்பர் வைத்து அழுத்திச் சமன்செய்து, இளஞ்சூட்டில் கோடு போட்டு, ஆறியபின் வெட்டுங்கள்.

இதே கலவை 114 இல் இறங்கினால் துண்டுகள் மறுநாள் பேப்பரோடு ஒட்டிக்கொள்ளும். 121 ஐத் தாண்டினால் தட்டில் பரப்பும்போதே இறுகி, கத்தி பட்டதும் பொடியாகும். அந்த 7 டிகிரிக்குள்தான் எல்லாம் இருக்கிறது. கெட்டியான பால் கலவையில் குளிர்நீர்ச் சோதனை சில விநாடி பிந்துகிறது. துளியை விட்டு, எடுத்து, உருட்டிப் பார்ப்பதற்குள் தாச்சி இரண்டு டிகிரி ஏறியிருக்கும். வெப்பமானி பெரிய நிம்மதி தருவது அதனால்தான்.

ஆனால் அளக்கும் விதம் சரியாக இருக்க வேண்டும். கம்பி அடியைத் தொட்டால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அகலமான தாச்சியில் கலவை விரலளவு ஆழம்கூட இராது, எனவே ஒடுங்கிய, ஆழமான பாத்திரத்தை எடுங்கள். கடைசியில் பாத்திரத்தைச் சற்றுச் சரித்து, ஆழம் கூடிய பக்கத்தில் நடுவே நுனியைப் பிடியுங்கள். அளக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் நன்றாகக் கிண்டி, பிறகு இலக்கம் நிலைக்கும்வரை சில விநாடி பொறுங்கள். பக்கத்தில் ஒரு குவளை வெந்நீர் இருக்கட்டும். பாகு ஒட்டி இறுகிய கம்பியை அப்படியே மீண்டும் இறக்கினால் அந்தப் பூச்சு சூட்டை உள்ளே விடாது. இலக்கம் தாமதமாக ஏறும், நீங்கள் பிந்தி இறக்குவீர்கள்.

கச்சான் அல்வாவுக்கு சீனி 300 கிராம், தண்ணீர் 100 மில்லிலீற்றர், வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 250 கிராம், திரவ குளுக்கோஸ் ஒரு மேசைக்கரண்டி. குளுக்கோஸ் கிடைக்காவிட்டால் தேசிக்காய்ச் சாறு அரைத் தேக்கரண்டி. சீனி திரும்ப மணியாகாமல் தடுக்க ஏதாவது ஒன்று போதும், அளவு கூடினால் அல்வா காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். கொதி வந்தபின் கிண்ட வேண்டாம். 150 இல் அடுப்பை அணைத்து, கால் தேக்கரண்டி அப்பச்சோடாவைத் தூவுங்கள். பொங்கி நுரைத்து உள்ளே காற்றுக் குமிழ் நிறையும், கடிக்க இலகுவாக வரும். கச்சான் இளஞ்சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த கச்சானைப் போட்டால் பாகு அந்த இடத்திலேயே இறுகிக் கட்டியாகும். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, எண்ணெய் பூசிய உருளையால் உடனே பரப்பிக் கோடு போடுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் அவகாசம் இல்லை. 145 க்குக் கீழே இறக்கிய அல்வா பல்லில் ஒட்டும். இந்தச் சூட்டில் பாகு தோலில் பட்டால் ஒட்டிப்பிடித்துச் சுடும், பிள்ளைகளை அடுப்படியை விட்டு வெளியே அனுப்பிவிடுங்கள்.

எள்ளுருண்டைக்குப் பனங்கட்டி எடுத்தால் கதை மாறுகிறது. பனங்கட்டியில் சீனி மட்டும் இல்லை. குளுக்கோசும் பிரக்டோசும் தாதுப்புகளும் ஈரமும் உண்டு, அவை கட்டிக்குக் கட்டி வேறுபடும். அதனால் ஒரே இலக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே பதத்தைத் தராது. வறுத்த எள்ளு 250 கிராமுக்குப் பனங்கட்டி 200 கிராமும் தண்ணீர் 50 மில்லிலீற்றரும் என்றால், கரைத்து வடித்து மண்ணையும் தும்பையும் நீக்கிய பிறகு காய்ச்சி, 116 காட்டியதும் குளிர்நீரில் துளி விட்டுப் பாருங்கள். விரலில் உருட்டும்போது கெட்டியாக நின்று, தட்டில் போட்டால் சின்னச் சத்தம் கேட்டால் அதுதான் பதம். பெரும்பாலும் 118 முதல் 120 க்குள் அமையும். முந்தினால் உருண்டைகள் மாலைக்குள் சப்பையாகும், பிந்தினால் பாதி உருட்டுமுன் தாச்சியிலேயே பாறையாகும். இங்கே வெப்பமானியின் வேலை, எப்போது கவனம் தேவை என்று எச்சரிப்பது மட்டுமே. பதத்தை நீரும் விரலும் சொல்லட்டும். கித்துள் கருப்பட்டிக்கும் இதே விதிதான். மலிவான கருப்பட்டிகளில் சீனி கலந்திருப்பதும் உண்டு, அது பதத்தை இன்னும் குழப்பும்.

தொதலைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணிக்கணக்கில் இறுகி, எண்ணெய் பிரிந்து, திரள் தாச்சியை விட்டு ஒன்றாகக் கழன்று வரும்போது இறக்கலாம். கம்பியை அந்தத் திரளுக்குள் குத்துவதில் பயனில்லை.

மாறாக, பொரியலுக்கு வெப்பமானி நன்றாக உதவுகிறது. கொக்கிஸ், பயற்றம் பணியாரம் போன்றவற்றுக்கு எண்ணெய் 170 முதல் 180 வரை. கொக்கிஸ் அச்சும் அதே சூட்டில் ஊறியிருந்தால்தான் மா ஒட்டிப் பிறகு கழரும். சீனி அரியதரம் எண்ணெயில் கரைந்துபோனால் எண்ணெய்ச் சூட்டைக் குறைசொல்லாதீர்கள், அநேகமாக மாவில் சீனி கூடியிருக்கும்.

கருவியின் குறைகளும் கொஞ்சமல்ல. கம்பியும் பிளாஸ்திக்கும் சேருமிடத்தில் ஆவி புகும், எனவே பாத்திரத்துக்கு நேர் மேலே பிடிக்காமல் சரித்துப் பிடியுங்கள். விளிம்பில் சாத்திவிட்டுப் போனால் கைப்பிடி உருகும். ஹோல்ட் என்ற பொத்தான் தவறிப் பட்டால் இலக்கம் உறைந்து நிற்கும். பாகு ஏறவில்லை என்று தீயைக் கூட்டிக் கருக்குவதற்கு அது ஒன்றே போதும். அதன் அருகிலேயே செல்சியஸ், பரனைட் மாற்றும் பொத்தானும் இருக்கும். பழைய குறிப்புகள் பரனைட்டில் எழுதப்பட்டவை: 240 என்றால் செல்சியஸில் 116, 300 என்றால் 149. பற்றரி தளர்ந்தால் திரை மங்கும், பண்டிகைக்கு முன் புதியது போடுங்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் முதல் முறை கொதிக்கும் நீரில் சோதியுங்கள். கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் 100 காட்ட வேண்டும். 98 காட்டினால் இங்கே சொன்ன எல்லா இலக்கங்களிலும் 2 குறைத்து எடுங்கள், கருவியை எறிய வேண்டாம். மலையகத்து வீட்டுக்கு எடுத்துப் போவதானால் கணக்கு வேறு. சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 இலேயே கொதிக்கும். கொழும்பில் 118 இல் இறக்கிய டொபியை அங்கே 112 இல் இறக்க வேண்டும். 118 வரை காத்திருந்தால் தூளாகும்.

கொழும்பில் ஐப்பசி மழையின் ஈரக்காற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். சீனிப் பண்டம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழை நாளில் கச்சான் அல்வாவை ஒன்றிரண்டு டிகிரி கூட்டி இறக்கி, ஆறியதும் துண்டு துண்டாக ஒயில் பேப்பரில் சுற்றி, இறுக மூடும் டின்னில் வையுங்கள். பால் டொபியும் அப்படியே. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் மேலே நீர் வேர்க்கும்.

இளகிப்போன பால் டொபியைத் தூக்கி எறிய வேண்டாம். துண்டுகளைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டு 80 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்து, மெல்லிய தீயில் முழுதாகக் கரைத்து மீண்டும் 118 வரை ஏற்றுங்கள். பொடியாகிப்போனதற்கும் இதே வழிதான், தண்ணீரை மட்டும் 120 மில்லிலீற்றர் ஆக்குங்கள். கஜு சற்று மென்மையாகும், சுவை கெடாது. கறுத்துக் கசந்த கச்சான் அல்வாவுக்கு மட்டும் மீட்பு இல்லை.