சுங்கை சிப்புட்டில் 400 பேர் மாநாடு: ஏற்பாட்டுச் சேவை எப்படி இருந்தது?

போன மாதம் எங்கள் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்காக, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் ஒருநாள் மாநாடு நடத்தினோம். 400 பேர். மண்டபம், சாப்பாடு, மைக், பெயரட்டை எல்லாவற்றையும் டவுனில் ஒரு அண்ணனும் அக்காவும் நடத்தும் சேவையிடம் ஒப்படைத்தோம். நிறைய பேர் விசாரிக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். நம்பிக் கொடுக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஊரில் வேறு ஒருவரிடம் கொடுத்து நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மேடை அலங்காரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது, ஆனால் பத்தரை மணி தேநீருக்கு இரண்டு கொதிகலன்களை ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிவிட்டார்கள். 3 கிலோவாட் கொதிகலன் ஒன்றே 13 ஆம்பியர் பிளக்குக்கு முழுச் சுமை, இரண்டை எப்படித் தாங்கும்? கரண்ட் போனது, மைக்கும் போனது, பேச்சாளர் முக்கால் மணி நேரம் மேடையில் அப்படியே நின்றார். அன்றைக்கு வந்தவர்களைக் கேட்டால் பேச்சைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், கரண்ட் போனதைத்தான் சொல்வார்கள்.

இந்த அக்கா முதல் நாளே கேட்ட கேள்விகள் வேறு மாதிரி. சைவம் எத்தனை பேர், கைத்தடி ஊன்றி வருபவர்கள் எத்தனை பேர், பஸ் டிரைவர்களுக்குச் சாப்பாடு கணக்கில் இருக்கிறதா. டிரைவர்களை நாங்கள் நினைக்கவே இல்லை.

பெயரட்டையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும் என்று இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தார்கள். பட்டம் பதவி எதுவும் இல்லை, பெயர் பெரிய எழுத்தில், அதன் கீழே பிறந்த தோட்டம். காலையில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி இன்னொருவரின் அட்டையைக் கையில் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, "டோவன்பியா? எந்த லயம்மா நீ?" என்று தோட்டத்து வரிசை வீட்டைக் கேட்டார். அடுத்த நிமிடம் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கிறார்களாம். அந்த ஒரு வரி அட்டையில் இல்லாவிட்டால் இருவரும் ஒரே மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அப்புறம் ஸ்லைடு. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும், தோட்டங்களை வாங்குவதற்காகத் தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதில் பங்கு வாங்கியதையும் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேச இருந்தார். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார் போல, முதல் நாள் சாயங்காலம் அண்ணன் தன் கணினியில் திறந்தால் தமிழ் எல்லாம் கண்டபடி ஆங்கில எழுத்தாக வந்தது. உடனே ஆசிரியருக்குப் போன் போட்டு, வீட்டுக் கணினியிலிருந்தே பிடிஎஃப் ஆக மாற்றி வாங்கிவிட்டார். மறுநாள் அந்தப் பேச்சுக்குத்தான் அதிகக் கைதட்டல்.

சாப்பாடு நன்றாக இருந்தது, ஆட்டிறைச்சிப் பிரட்டல் மட்டும் கொஞ்சம் காரம். சைவ மேசையைத் தள்ளிப் போட்டு, கரண்டிகளின் கைப்பிடியில் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள், மாறிவிடக் கூடாது என்று. என் மாமியார் வெளியில் சாப்பிடவே யோசிப்பவர், இங்கே இரண்டாவது முறை போட்டுக்கொண்டார்.

குறையும் உண்டு. பெண்கள் கழிவறை மூன்றுதான், மதியம் வரிசை வாசல் வரை வந்துவிட்டது, வயதானவர்கள் ரொம்பச் சிரமப்பட்டார்கள். கார் நிறுத்த வழிகாட்டும் பலகையும் சின்னது, ஈப்போவிலிருந்து வந்தவர்கள் இரண்டு முறை சுற்றினார்கள். இதை அக்காவிடம் நேரிலேயே சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டார்.

ஆளுக்கு 38 ரிங்கிட் ஆனது, பாதி முன்பணம். பதிவு செய்யும்போதே நடமாடும் கழிவறைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அது தனிக் கட்டணம்.