இலக்குச் செயலிக்குரிய நிரலை எங்கே வைப்பது: ஜிசிசி, எல்எல்விஎம் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சி போன்ற மொழிகளில் எழுதியதைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் மென்பொருள்களான ஜிசிசி, எல்எல்விஎம் ஆகிய இரண்டின் மீதும், அவற்றின் அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்கு வெளியே, சிறிய செயலி (பிராசசர்) ஒன்றுக்கான பேக்எண்டை, அதாவது அச்செயலிக்குரிய கட்டளைகளை உருவாக்கும் பகுதியை, பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஒரு செயலிக்கு மட்டும் உரிய விவரங்களை இவை பொதுநிரலிலிருந்து எப்படிப் பிரித்து வைக்கின்றன என்பது ஒன்றே இங்கே என் அக்கறை. உருவாகும் நிரலின் வேகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

1987இல் வெளிவந்த ஜிசிசியில், செயலியின் கட்டளைகளை இயந்திர விவரக் கோப்பிலும், ஏனைய இயல்புகளை பிற கோப்புகளில் சேர்த்துக்கொள்ளும் ஹெட்டர் கோப்பில், தொகுப்புக்கு முன்பே விரித்தெழுதப்படும் பெயர்களான மேக்ரோக்களாகவும் எழுதுவதே நெடுநாள் வழக்கம். எழுதுவதற்கு இது எளிது; பராமரிப்பதற்கு அப்படியல்ல. ‘இந்த மேக்ரோ வரையறுக்கப்பட்டிருந்தால்’ என்ற நிபந்தனைக்குள் இருக்கும் பொதுநிரல், அந்த மேக்ரோ இல்லாத செயலிக்குக் கட்டமைப்பவரின் கணினியில் தொகுக்கப்படுவதே இல்லை என்பதால், அவர் செய்யும் மாற்றம் வேறொருவரின் பேக்எண்டை உடைத்திருப்பது வெகுநாள் கழித்தே தெரியவரும். இதைவிட மோசமானது, தேவையான ஹெட்டரைச் சேர்க்க மறந்த கோப்பு. அங்கே மேக்ரோ கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பிழைச்செய்தியும் வராது. கம்பைலர் இயல்புநிலை வழியில் சென்று, சரியாக இயங்கக்கூடிய, ஆனால் தரம் குறைந்த நிரலை அமைதியாக உருவாக்கிவிடும்.

இதற்கு ஜிசிசி கண்ட மாற்று, ஹூக் எனப்படும் ஃபங்ஷன் பாயிண்டர்களை (பேக்எண்டின் ஃபங்ஷன்களைச் சுட்டும் மாறிகளை) ஒரே ஸ்ட்ரக்சரில் (பல மதிப்புகளின் தொகுதியில்) தொகுத்து வைப்பது. பொதுநிரல் எப்போதும் முழுமையாகத் தொகுக்கப்படுகிறது. பேக்எண்ட் பதில் தராத கேள்விக்கு இயல்புநிலைப் பதில் தயாராக இருக்கிறது. கைவிடப்பட்ட பழைய மேக்ரோக்களின் பெயர்களை ‘பாய்சன்’ செய்து, யாரேனும் அவற்றை மீண்டும் பயன்படுத்தினால் தொகுப்பையே நிறுத்திவிடுவது, என்னைப் போல வெளியே இருப்பவர்களுக்குப் பேருதவி. பெரிய மாற்றங்களையும் ஹூக் வழியே படிப்படியாகச் செய்ய முடிகிறது: 2013இல் 4.8 பதிப்பில் வந்த எல்ஆர்ஏ எனும் புதிய ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) ஒதுக்கீட்டு முறைக்கு ஒவ்வொரு செயலியும் தனக்கு வசதியான வேளையில் மாறியது இப்படித்தான். பழைய முறையும் அதனாலேயே நீண்டகாலம் உடன் வாழ்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்எல்விஎம்மில் இந்த மேக்ரோச் சிக்கல் ஏறக்குறைய இல்லை. அதற்குக் காரணம் கட்டமைப்பு முறையிலேயே இருக்கிறது. ஜிசிசியை ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் இலக்குச் செயலிக்காகக் கட்டமைக்கிறோம். எல்எல்விஎம்மோ பல இலக்குகளை ஒரே நிரலுக்குள் சுமப்பதால், இலக்கைப் பொறுத்த முடிவுகள் இயங்கும் நேரத்தில்தான் எடுக்கப்பட வேண்டும். அங்கே வரும் சோதனை வேறு வகையானது: இலக்கின் பெயரைச் சொல்லும் ‘டிரிபிள்’ எங்கிருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், ‘இது எக்ஸ்86தானா’ என்று கேட்டுவிடத் தோன்றும். கேட்க வேண்டியது செயலியின் இயல்பை, பெயரை அல்ல. எடுத்துக்காட்டாக, பிட்டுகளை இடம் நகர்த்தும் எக்ஸ்86இன் 32 பிட் ஷிப்ட் கட்டளை, எத்தனை இடங்கள் என்ற எண்ணிக்கையின் கீழ் 5 பிட்டுகளை மட்டுமே பார்க்கும். 32 பிட் ஆர்ம் செயலியில் ரெஜிஸ்டர் வழியான ஷிப்ட் கீழ் 8 பிட்டுகளைப் பார்க்கும் என்பதால், 32 இடங்கள் இடப்பக்கம் நகர்த்தினால் விடை சுழியமாகும். எண்ணிக்கையின் மேல் பிட்டுகளைச் சுழியமாக்கும் (மாஸ்க்) கட்டளையை நீக்கலாமா என்று முடிவெடுக்கும் உகப்பாக்க நிரலுக்குத் தேவை இந்தத் தகவல்தான்.

எல்எல்விஎம்மும் இந்த ஒழுங்கை எல்லா இடத்திலும் தொடக்கத்திலேயே பெற்றிருக்கவில்லை. எக்ஸ்86, ஆர்ம் போன்றவற்றின் தனிக் கட்டளைகளைச் சுருக்கும் நிரல், இன்ஸ்ட்கம்பைன் என்ற பொதுப் பகுதிக்குள்ளேயே இருந்தது. 2020இல்தான் அது ஹூக்குகளின் வழியே அந்தந்த இலக்கின் கோப்புறைக்குச் சென்றது. அதன் பிறகு, எங்கள் செயலியின் கட்டளைகளைச் சுருக்குவதற்காகப் பொதுக் கோப்பைத் திருத்த வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போயிற்று. செயலியின் விவரிப்பிலிருந்து நிரலை உருவாக்கும் எல்எல்விஎம் கருவியான டேபிள்ஜென் பற்றி ஒரு வரி போதும்: ஒரே விவரிப்பிலிருந்து அசெம்பிளர், டிஸ்அசெம்பிளர், கட்டளைத் தேர்வு ஆகியவை கிடைப்பது அருமை, அதன் பிழைச்செய்திகள் பொறுமையைச் சோதிப்பவை.

எல்எல்விஎம்மில் எனக்கு இன்றும் நிறைவளிக்காதது ஏபிஐ, அதாவது தனித்தனியே தொகுத்த நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும்போது மதிப்புகளைக் கடத்தும் விதிகள். ஒரு ஸ்ட்ரக்சரை ரெஜிஸ்டரில் அனுப்புவதா, நினைவகத்தில் அனுப்புவதா என்ற, முற்றிலும் இலக்கைச் சார்ந்த முடிவின் பெரும்பகுதி, சி மொழி மூலநிரலைப் படிக்கும் கிளாங் எனும் முன்பகுதியில் இருக்கிறது. ஆகவே சி மொழியுடன் பேச விரும்பும் வேறெந்த மொழியின் முன்பகுதியும் அதே விதிகளைத் தானும் எழுதியாக வேண்டும். ஜிசிசியில் இவ்விதி பேக்எண்டின் ஹூக்குகளில் இருப்பதால், ஒருமுறை எழுதியது எல்லா மொழிகளுக்கும் பயன்படுகிறது. புதிய செயலிக்குப் பல மொழிகளின் ஆதரவு வேண்டும் என்று திட்டமிடுபவர்கள், கட்டளைகளை விவரிக்க ஆகும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரத்தை முதலில் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.