மணலிப் பட்டறை பிஸ்டன் கோரர்: ஏரிச் சேற்றுக்குத் தாங்குமா?

மணலிப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கும் கோரர் இது, அதாவது சேற்றைக் குழாய்க்குள் தூணாக எடுக்கும் கருவி. ஏரி அடியில் படிந்த வண்டலை அடுக்குக் கலையாமல் எடுத்து, அதிலுள்ள கரிமப் பொருளைக் கொண்டு பழைய தாவரங்களையும் வறட்சியையும் படிப்பவர்களுக்கு ஏற்றது. இறக்குமதிக் கருவியைவிட விலை மிகக் குறைவு. இளகிய சேற்றில் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் வந்தபடியே ஏரியில் இறக்கக் கூடாது.

இரண்டரை அங்குல அக்ரிலிக் குழாய், இரட்டை ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்ட பிஸ்டன், ஒரு மீட்டர் துண்டுகளாக ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்டுகள். குழாயின் வாய் வெளிப்புறமாகச் சீவப்பட்டிருப்பது நல்ல வேலை. உள்பக்கம் சீவினால் சேறு நசுங்கி உள்ளே போகும்.

குறை பிஸ்டனைப் பிடித்திருக்கும் கயிற்றில் இருக்கிறது. குழாய் கீழிறங்கும்போது பிஸ்டன் சேற்றின் மேல்மட்டத்தில் அசையாமல் நிற்க வேண்டும். பட்டறை தரும் நைலான் கயிறு இழுபட்டு நீள்வதால் பிஸ்டனும் கூடவே இறங்கி, மேலடுக்கை அமுக்கிவிடும். அண்மைக் காலத்துப் படிவு முழுக்க அந்த மேலடுக்கில்தான் இருக்கிறது. 3 மி.மீ. எஃகு வயர் போட்டு, அதைத் தெப்பத்தின் சட்டத்தில் இறுகக் கட்டுங்கள்.

அடுத்தது கிரீஸ். ஓ-ரிங் வழுக்கி ஓடுவதற்காகத் தடவித் தருகிறார்கள். பழைய தாவரங்களை அறிய இலை மெழுகின் சி27, சி29, சி31 ஆல்கேன்களை (நீள் சங்கிலி ஹைட்ரோகார்பன்களை) அளக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய கேடு. கிரீஸிலும் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்தான் இருக்கிறது. ஓ-ரிங்கைக் கழற்றி சோப்பு நீரில் கழுவுங்கள். உலோகப் பாகங்களை மட்டும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானால் துடையுங்கள். அக்ரிலிக்கில் அது பட்டால் குழாயே கரையும். ஏரித் தண்ணீரில் நனைத்தாலே ஓ-ரிங் ஓடும். குழாய்ச் சுவரை ஒட்டிய 5 மி.மீ. சேற்றையும் ஒதுக்கிவிடுவது நல்லது.

விறைப்பான களிமண்ணிலும் மணலிலும் இது உதவாது. சுத்தியலால் அடித்தால் தண்டின் மரை போய்விடும். எடுத்த சேற்றுத் தூணை ஆட்டோவில் படுக்க வைக்காதீர்கள், மேல்பகுதி ஒன்றோடொன்று கலந்துவிடும். நிமிர்த்தியே கொண்டுபோய் 4 டிகிரியில் வையுங்கள்.

வெட்டும் அளவு 1 செ.மீ. ஒவ்வொரு துண்டையும் 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்த்து, மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) போட்டு 550 டிகிரியில் 4 மணி நேரம் எரித்தால், குறையும் எடை கரிமப் பொருளின் தோராய அளவு. எல்லா மூசையிலும் ஒரே எடை போடுங்கள். மாறினால் முடிவும் மாறும். நம் ஏரிகளில் களி அதிகம். களிக்குள் கட்டுண்ட நீரும் இந்தச் சூட்டில் வெளியேறி அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே கரிமப் பொருள் எதிலிருந்து வந்தது என்று காட்டும் கார்பன்-நைட்ரஜன் விகிதத்தையும் பாருங்கள்: பாசி என்றால் ஏறக்குறைய 4 முதல் 10, நிலத் தாவரம் என்றால் 20க்கு மேல். கார்பனேட்டை (சுண்ணாம்பு வகை) நீக்க அமிலம் விட்டால் நைட்ரஜனும் கொஞ்சம் கழுவிப் போகும். நைட்ரஜனை அமிலம் படாத துண்டில் தனியாக அளங்கள். கழிவுநீர் கலக்கும் ஏரியில் விகிதம் தாழ்ந்தால் உடனே பாசி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எண்ணூர்க் கழிமுகம் வேறு கதை. அனல்மின் நிலையச் சாம்பலில் எரியாத நிலக்கரித் துகள் இருக்கும். அது கரிமப் பொருளாகவே கணக்கில் ஏறும். நுண்ணோக்கியில் பார்க்காமல் அங்குள்ள அளவை எழுதாதீர்கள்.

இடத்தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். தூர்வாரிய பகுதியில் எவ்வளவு நல்ல கோரர் இறக்கினாலும் வரலாறு கிடைக்காது. புழல் ஏரி 1876இல் நீர்த்தேக்கமானது. சேற்றின் வயதைக் கணிக்க உதவும் கதிரியக்க ஈயம்-210இன் அரைவாழ்வு (பாதியாகக் குறையும் காலம்) ஏறத்தாழ 22 ஆண்டு என்பதால் அந்தத் தொடக்கம் இந்தக் கணிப்பு முறையின் எட்டும் எல்லையிலேயே இருக்கிறது, பிழை வீச்சைச் சேர்த்தே சொல்லுங்கள். 2019 கோடையில் புழல் வறண்டது. வெடித்த சேற்றில் காற்றுப் புகுந்து கரிமப் பொருள் சிதையும், மேல்மண் பிளவில் விழும். குடிநீர் ஏரி என்பதால் முன் அனுமதியும் வேண்டும்.

பட்டறையில் சொல்லும்போது குழாய்க்கு மூடி இரண்டு ஜோடி, தண்டு இணைப்புக்கு மரைக்குப் பதில் ஊசி-துளைப் பூட்டு என்று கேளுங்கள். மரையில் சேறு புகுந்தால் தெப்பத்தின் மேல் தண்டைக் கழற்றவே முடியாது.