34 சீட்டும் ஒரு சுவரும்: இரண்டு நாள் பயிலரங்கு

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்களுக்குச் சின்ன மசாலாத் தொழிற்கூடம், அப்பா தொடங்கியது. தேக்காக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறோம். மிளகாய்த் தூள் முதல் உறைய வைத்த பரோட்டா வரை 34 பொருள்கள். எதை வளர்ப்பது, எதை நிறுத்துவது என்று தெரியாமல்தான் பாய லேபாரில் நடந்த, விற்கும் பொருள்களை நிர்வகிப்பது பற்றிய இந்தப் பயிலரங்குக்குப் போனேன்.

முதல் நாள் காலையில் ஒரு பொருளின் வாழ்நாளில் அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று நான்கு கட்டம் என்ற வழக்கமான பாடம். பயிற்றுநர் நம்மூர் கிரியேட்டிவ் நிறுவனத்தைச் சொன்னது மட்டும் மனதில் நின்றது. 1989இல் வந்த, கணினிக்கு ஒலி வசதி தரும் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை உலகமெங்கும் விற்றது. அப்புறம் கணினியின் தாய்ப்பலகையிலேயே ஒலி வசதி வந்துவிட, தனி அட்டை வாங்குவோர் குறைந்தார்கள். எனக்கு உடனே எங்கள் இடியாப்ப மாவு நினைவுக்கு வந்தது. இப்போது அவித்த இடியாப்பமே பொட்டலத்தில் கிடைக்கிறதே.

மதியம்தான் உண்மையான வேலை. சுவரில் பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் என்ற ஆலோசனை நிறுவனத்தின் நான்கு கட்டங்கள்: வேகமாக வளரும் சந்தையில் நம் பங்கு பெரிதென்றால் நட்சத்திரம், சிறிதென்றால் கேள்விக்குறி; அதிகம் வளராத சந்தையில் பங்கு பெரிதென்றால் கறவை மாடு, சிறிதென்றால் நாய். ஒவ்வொரு பொருளையும் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். மிளகாய்த் தூளை யோசிக்காமல் கறவை மாட்டில் ஒட்டினேன். விளம்பரமே இல்லாமல் வாராவாரம் காசு தருவது அதுதான். இடியாப்ப மாவுச் சீட்டோடு மட்டும் நின்றுகொண்டே இருந்தேன். அப்பா முதன்முதலில் பொட்டலம் போட்ட பொருள். நாய்க் கட்டத்தில் ஒட்டக் கை வரவில்லை.

பயிற்றுநர் பக்கத்தில் வந்து, “இதை எடுப்பவர்கள் கூடவே வேறென்ன எடுக்கிறார்கள்?” என்று கேட்டார். அன்றிரவு பில்களைப் புரட்டினேன். மாவு எடுக்கும் கடைகளில் பெரும்பாலானவை மீன்கறித் தூளும் எடுக்கின்றன. மாவை நிறுத்தினால் தூளும் அடிவாங்கும். ஒரு கிலோ பொட்டலத்தை மட்டும் நிறுத்திவிட்டு அரைக் கிலோவை வைத்துக்கொண்டோம். இந்த ஒரு கேள்விக்கே கட்டணம் தகும்.

குறையும் உண்டு. அந்தக் கட்டங்களுக்குச் சந்தையின் வளர்ச்சியும், பெரிய போட்டியாளரோடு ஒப்பிட்ட நம் பங்கும் தெரிய வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த எண் எங்கே கிடைக்கும்? செலவு போக ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள் என்றார் பயிற்றுநர். சரி, ஆனால் அதைப் போட்டுக் காட்டவில்லை. பொருளை நிறுத்துவது பற்றிய பகுதியும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துபோனது. அச்சடித்து வைத்த உறைகள், காலாவதி நெருங்கும் சரக்கு, பல வருடமாக வாங்கும் கடைக்காரரிடம் சொல்லும் விதம், எதுவும் வரவில்லை. எங்களுக்கு வலிப்பது அங்கேதான்.

பத்துப் பொருளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். மூன்று வருட விற்பனைக் கணக்கைக் கையோடு கொண்டுபோங்கள். வெறுங்கையோடு வந்த இருவர் சீட்டில் எழுத எண் இல்லாமல் தவித்தார்கள்.